கேட் ஆன்ட்டி

காலை டூட்டிக்கு வந்து வார்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து நஜ்மாக்கா. "ரூத்தக்கா போய்ட்டாங்கம்மா. விடிகாலைல மூச்சு வாங்குச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். நான் "சரிக்கா" என்றேன். குழாய் திறந்தபடியே கிடந்தது. வார்டு பொறுப்பாளரிடம் போய் லீவு கேட்டேன். "யாரு தவறினது சுகந்தி? உனக்கு யாரும் இல்லன்னு சொன்னியே?" என்றார். கெட்ட மனுஷி இல்லை, சொந்தக்காரர் சாவு என்றால்தான் லீவு தர முடியும், அதனால் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே "போ, போ, நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்தார்.

வேலூர் மிஷன் விடுதியில் என்னோடு வளர்ந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ரூத் என்று சொன்னால் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட் ஆன்ட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும் நாளில், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்துக்கும் வாட்ச்மேன் ஸ்டூலுக்கும் நடுவில் பச்சைக் குடையோடு நின்ற அந்த அம்மாள்தான். உள்ளே வரமாட்டார். அவர் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிய தேங்காய் பன்னை நாம் எல்லோரும் தின்றிருக்கிறோம். "லூசு டி, பாவம்" என்று பாதிப் பேர் சொன்னோம். "பெத்த பிள்ளை செத்துப்போச்சாம், அதான் இப்படி நிக்குது" என்று மீதிப் பேர் கதை கட்டினோம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் அங்கே நிற்பதும் நின்றுபோகும் என்று பயம். இப்போது பயப்பட ஒன்றுமில்லை. அவர் எனக்காகத்தான் நின்றார்.

விடுதியிலிருந்து நம்மில் சிலரை வளர்ப்பதற்காக வீடுகளுக்குக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? என்னை இரண்டு வீடுகள் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தன. ஒன்று பாயை நனைத்ததற்காக. இன்னொன்று அவர்கள் பெண்ணுக்கு என்னைப் பிடிக்காததற்காக. கடையில் வாங்கிய செருப்பு கடிக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார்களே, அப்படி. மூன்றாவதாகத்தான் ஆம்பூரில் ரூத் ஆன்ட்டி வீடு. தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆன்ட்டிக்குப் பிள்ளை இல்லை. கணவர் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றும் லாரி ஓட்டினார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. வளர்ப்பவரை "ஆன்ட்டி" என்று கூப்பிடச் சொல்லித்தான் விடுதியில் அனுப்புவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வேறு எந்தப் பேரும் கேட்டதில்லை.

முதல் நாளே அங்கேயும் பாயை நனைத்தேன். விடிந்ததும் மூலையில் சுருண்டு உட்கார்ந்துகொண்டேன். பையைக் கட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் வெயிலில் விரித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு நஜ்மாக்கா எட்டிப் பார்த்து "இன்னா அக்கா, காலங்காத்தால பாயி?" என்றார். "சொம்புத் தண்ணியத் தட்டிவுட்டுட்டேன் நஜ்மா" என்றார் ஆன்ட்டி. பிறகு உள்ளே வந்து என் தலையைத் தொட்டு, "காஞ்சிடும் பாப்பா" என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் நான் எத்தனை முறை நனைத்தாலும் அந்த ஒரே வார்த்தைதான்.

ஆன்ட்டியின் பிழைப்பு ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பது. அதை அங்கே அப்பர் என்பார்கள். காலையில் ஷூ கம்பெனி ஏஜென்ட் சைக்கிளில் மூட்டை கொண்டுவந்து போடுவான். மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, முழங்கால்களுக்கு நடுவில் தோலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துத் தைப்பார். வீடு முழுக்கத் தோல் வாடையும் பசை வாடையும் இருக்கும். ஊசிப் பக்கம் என்னை அண்டவிட்டதே இல்லை. "இந்தக் கை எனக்குப் போதும், உனக்கு வாணாம்" என்பார். ஆனால் விடுதியின் விதி கறாரானது. தோல் வேலை நடக்கும் வீட்டில் பிள்ளையை வைக்கக் கூடாது. அதற்கு முன்பு சில வீடுகளில் பிள்ளைகளை உட்கார்த்தித் தைக்க வைத்திருந்தார்கள், அதனால் வந்த விதி. விதியில் தப்பில்லை. ஆன்ட்டி தைப்பதை மறைத்துத்தான் என்னை வாங்கியிருந்தார்.

வீடு பார்க்க விடுதி மேடம் வருகிறார் என்று ஒரு நாள் காலையில் தகவல் வந்தது. ஆன்ட்டி மூட்டையை அப்படியே நஜ்மாக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தார். வாடை போகவில்லை. "அய்யோ, இன்னா பண்றது நஜ்மா, உள்ள வந்தாலே மூக்குல ஏறுதே" என்று கையைப் பிசைந்தார். நஜ்மாக்கா வீட்டில் வியாழக்கிழமை மாலைகளில் சாம்பிராணி போடுவார்கள். அவர் ஒரு தட்டில் நெருப்பு எடுத்து, அள்ளிப் போட்டு, வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனார். தோல் வாடை ஒழிந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிறுபிள்ளையாக அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

நம் மேடத்தை உங்களுக்குத் தெரியும். நம் கிறிஸ்தவ சபையில் சாம்பிராணி கிடையாது, அது பிற மதத்துக் காரியம் என்பார்கள் என்பதும் தெரியும். ஆன்ட்டிக்கு மட்டும் அந்தப் பதற்றத்தில் அது தோன்றவே இல்லை. மேடம் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "என்ன ரூத் இது, சாம்பிராணி?"

"கொசுவுக்கு மேடம்."

பகல் பதினொரு மணிக்குக் கொசு. மேடம் சுவரில் இருந்த பைபிள் வசன காலண்டரைப் பார்த்தார், பக்கத்து வீட்டைப் பார்த்தார், ஆன்ட்டியின் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளை வேணும்னு தர்கா தர்காவாப் போறியா? இந்தப் பிள்ளையை எந்த நம்பிக்கையில வளர்க்கிறே?" என்றார். நாத்தம் போகத்தான் என்று சொன்னால் தோல் வேலை வெளியே வந்துவிடும், பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டாலும் பிள்ளை போய்விடும். ஆன்ட்டியின் வாய் திறந்து திறந்து மூடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே மேடம் வந்த ஜீப்பில் என்னை ஏற்றினார்கள். ஆன்ட்டி செருப்புகூடப் போடாமல் ஜீப்புக்குப் பின்னால் மெயின் ரோடு வரை ஓடிவந்தார். நான் ஜீப்பின் சீட்டை நனைத்தேன்.

அடுத்த வாரமே ஆன்ட்டி விடுதிக்கு வந்து உண்மை முழுவதையும் சொல்லிவிட்டார். அலுவலக அறைக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது. "தைக்கிறத வுட்டுர்றேன் மேடம். கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். பிள்ளய மட்டும் குடுத்துடுங்க." மேடம் குரலை உயர்த்தவில்லை. "அப்போ ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லியிருக்கே. பொய் சொன்ன வீட்டுக்கு எப்படிப் பிள்ளையைக் கொடுப்பேன்?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த அம்மாள் பட்ட தவிப்பு எனக்குத் தெரியும். சொந்தம் இல்லை என்பதால் பார்வையாளர் நாளிலும் அவருக்கு அனுமதி மறுத்தார்கள். என் பெயருக்கு எது கொடுத்தாலும் திருப்பி அனுப்பினார்கள். "எல்லாப் பிள்ளைங்களுக்கும்" என்று கொடுத்தால் மட்டும் வாட்ச்மேன் வாங்கிக்கொண்டான். நமக்குத் தேங்காய் பன் வந்த கதை இதுதான். அத்தனை பேருக்கும் வாங்கினால்தான் எனக்கு ஒன்று வரும். மாடி ஜன்னலிலிருந்து நான் பச்சைக் குடையைப் பார்ப்பேன். ஐந்து மணிக்குப் பெல் அடித்ததும் குடை மடங்கும்.

பன்னிரண்டு வயதில் என்னை அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாடுகள் இருந்த வீடு. பிள்ளை கேட்டு வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது சாணி அள்ள ஆள். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில்தான் படுக்கை. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாள்தான் ஜாஸ்தி. சாப்பாடு இறங்குவது நின்றுபோனது. அந்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஏன் எட்டிப் பார்த்தேன் என்று உங்களில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று விடுதியில் யாரும் ஆன்ட்டிக்குச் சொல்லவில்லை. "அணைக்கட்டு பக்கம்" என்று வாட்ச்மேன் வாய் தவறி உளறியது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார். மூட்டையை நேரத்துக்குத் தைத்துக் கொடுக்காததால் ஏஜென்ட் வேலையை நிறுத்திவிட்டான். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது எதிரே பச்சைக் குடை நின்றது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "கூட்டிட்டுப் போய்டு ஆன்ட்டி. இப்பவே." அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டிட்டுப் போனா பிள்ள திருடின்னு பிடிச்சுக் குடுப்பாங்க பாப்பா. அப்புறம் உன்கிட்ட வரவே முடியாது."

"நான் செத்துடுவேன்."

"நான் எங்க கீறேன்னு உனக்குத் தெரியும். நீ எங்க கீறேன்னு எனக்கு இப்போ தெரிஞ்சிடுச்சு. இப்போதைக்கு இதப் புடிச்சுக்கோ."

அது எனக்குப் போதவில்லை. அந்த வயதில் யாருக்குத்தான் போதும்? அவர் பஸ் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அன்று மாலை கிணற்றுப் பக்கம் நான் போகவில்லை. நான் இல்லாமல் போனால் மறுபடி எத்தனை பள்ளிக்கூட வாசலில் நிற்பாரோ என்று ஓர் எண்ணம் வந்து குறுக்கே விழுந்தது. ஆன்ட்டி அங்கிருந்து நேராக விடுதிக்குப் போய் மேடத்திடம் கத்தியிருக்கிறார். "எனக்குத் தர வாணாம். அங்கருந்து எடுத்துடுங்க, செத்துடும்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மேடம் நேரில் வந்து பார்த்தார். பார்த்ததும் என் பையை எடுத்துக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை. விடுதிக்குத் திரும்பினேன். பன்னும் திரும்பி வந்தது.

அதற்குள் ஆன்ட்டியின் கணவர் லாரி விபத்தில் இறந்துவிட்டார். தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளை தருவதில்லை என்று இன்னொரு விதி இருந்தது. அவர் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பசை வாடையிலேயே நாள் முழுக்க நின்று இருமல் பிடித்துக்கொண்டது. என்னை அவர் திரும்பப் பெறவே இல்லை. கேட்டுப் பார்த்தார், அழுது பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நிற்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. நின்றார்.

பதினெட்டு முடிந்தால் வெளியே போக வேண்டும், அது நம் எல்லோருக்கும் நடந்ததுதான். ஜெபம் செய்து, ஒரு போர்வையும் வேதாகமமும் கொடுத்து அனுப்பினார்கள். நர்சிங் உதவியாளர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது, ஆனால் ஹாஸ்டல் திறக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரை எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டினேன். அன்று பார்வையாளர் நாள் இல்லை, ஞாயிறும் இல்லை. பச்சைக் குடை நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "உன் வயசு எனக்குத் தெரியாதா?" என்றார். "வா, பஸ் போய்டும்." ஆம்பூர் வீட்டில் அன்று படுத்தபோது, இத்தனை வயதில், பாய் நனைந்தது. காலையில் அவர் எதுவும் கேட்காமல் வெயிலில் போட்டார்.

அவர் சாவுக்குப் போனபோது ஆம்பூர் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி வரத் தாமதம். ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. நஜ்மாக்கா நெருப்புத் தட்டில் சாம்பிராணி போட்டுக் கொண்டுவந்து, வாசலைத் தாண்டாமல் தயங்கி நின்றார். ஆன்ட்டியின் அண்ணன் மகன், சபையில் பொறுப்பில் இருப்பவர், எழுந்து வந்தார். "நம்ம வழக்கத்துல இது இல்லம்மா. சர்ச் ஐயர் வர்ற நேரம். யாரு இது போடச் சொன்னது?"

நான் நஜ்மாக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கினேன். "கொசுவுக்குண்ணே" என்றேன்.

நஜ்மாக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டார். அவருக்கும் எனக்கும் தவிர அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆன்ட்டியின் தலைமாட்டில் தட்டை வைத்தேன். புகை ஏறியது. ஒருவரும் என்னை ஜீப்பில் ஏற்ற வரவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டு அழுதேன்.

போன இரண்டாவது ஞாயிறு நம் விடுதிக்குப் போனேன். பழைய பிள்ளை என்று சொன்னால் உள்ளே விடுவார்கள், சொல்லவில்லை. வாட்ச்மேன் புது ஆள். "யாரைப் பார்க்கணும்?" என்றான். "எல்லாருக்கும்னு குடுங்க" என்று பன் பையை நீட்டினேன். பிறகு வேப்பமரத்துக்கும் அவன் ஸ்டூலுக்கும் நடுவில் போய்ப் பச்சைக் குடையை விரித்தேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் குடையும் அந்த இடமும்தான். மாடி ஜன்னலில் ஒரு பெண் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. எனக்கு அதன் பேர் தெரியாது. நான் யாருக்காக நிற்கிறேன் என்று அதற்கும் தெரியாது. தனக்காக என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று பெல் அடிக்கும் வரை நின்றேன்.