ஆளுக்கொரு சீக்கு

காலையில் குழாய் இருமியது. இரண்டு சொட்டு விட்டு நின்றது. எங்கள் மலையூர் தானா ராத்தாவில் தண்ணீர் நிற்பது புதிதில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் என் தலை தானாக மலைப்பக்கம் திரும்பும்.

மேசையில் மகள் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தாள். காலேஜ் பிள்ளைகளுக்கு வாதம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். எனக்கு அவள் கத்துவது மட்டும்தான் கேட்கும்.

"பாருங்கம்மா, 'எல்லாருக்கும் தெரிந்ததே'ன்னு எழுதிருக்கான். போயி யாரையாச்சும் கேட்டானா? எதிர்ல நிக்கிறவனுக்கு என்ன வேணும்னாவது யோசிச்சானா? தலவலி லா!"

"எங்க தோட்டத்து லயத்து ஆளுங்க மாதிரி" என்றேன்.

ஜப்பான்காரன் காலம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். தேயிலையில் பாதியை வெட்டி மரவள்ளி போட்டிருந்தோம். துரை பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி. அந்த ஆளுக்குக் குளியல்தான் உயிர். மரத்தொட்டியில் கழுத்துவரை சுடுதண்ணீர். "கோழி அவிக்கிற மாதிரி தன்னையே அவிக்கிறான்லா" என்பார் என் அண்ணன் அந்தோணி.

அந்த அண்ணன் பெயரை சயாம் ரயில் வேலைக்கு எழுதிவிட்டார்கள். முன்னே போனவர் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. அண்ணி வயிற்றில் பிள்ளை.

அதிகாரியிடம் பேசிப் பார்ப்பதென்று முடிவானது. எங்கள் லயத்தில் ஒருவருக்கு ஆபத்தென்றால் எல்லாரும் சாட்சிக்குப் போவோம். கண்டோமா இல்லையா என்பதெல்லாம் பேச்சில்லை. போகாதவர் மனிதரில்லை. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணிதான் பாடம் எடுத்தார். "சீக்காளின்னு சொல்லுங்க. அழுங்க. பாவம்னு தோணணும், அவ்ளோதான். அந்தோணி, நீ வாயத் தொறக்காத. இருமு."

என்ன சீக்கு என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பங்களா வாசலில் மொழிபெயர்க்கிற ஆள் ஒவ்வொருவராக விசாரித்தான். கங்காணி "இழுப்பு" என்றார். பொன்னம்மா சித்தி "காக்கா வலிப்பு சாமி, நொரை நொரையா தள்ளும்" என்று ஒப்பாரியே வைத்துவிட்டார். அண்ணி "குடல் எறக்கம்" என்றார். கிராணி, படித்தவர் இல்லையா, காசம் என்றார். எல்லாம் பாசம்தான். நடுவில் அண்ணன் எருமை மாதிரி திடமாக நின்று இருமுகிறார்.

அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. கையை அசைத்தார். மறுநாள் காலை லோரி வந்துவிட்டது.

ஏறும்போது அண்ணன் கேட்டார்: "சித்தி, இன்னும் ஏதாச்சும் சீக்கு பாக்கி இருக்கா?" சித்தி மாரில் அடித்துக்கொண்டார்.

அடுத்த மழைக்கே பங்களாக் குழாய் இருமி நின்றது. மேலே மலையில் ஓடைவாயை அடைக்கிற இலையும் சேறும் வாரி, மூங்கில் குழாயைச் சரிபார்த்து, அந்தத் தண்ணீரைக் கீழே இறக்கியது அண்ணன்தான். துரை காலத்திலிருந்து அவர் வேலை அது. தொட்டியில் உட்காருகிறவருக்கு அது எங்கே தெரியும்?

மொழிபெயர்க்கிற ஆள் லயத்துக்கு ஓடி வந்தான். "தண்ணிக்காரன் எங்க? பெரியவர் குதிக்கிறார்!"

கங்காணிதான் பதில் சொன்னார். "அவனத்தான்யா லோரில ஏத்திட்டீங்க."

அண்ணன் வேலை எங்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் ஒருத்தரும் சொல்லவில்லை. அழத் தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் திரும்பவில்லை.

மகள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கலயே."

லயம் இப்போது இல்லை. அந்த மேட்டில் ஸ்ட்ராபெரிக் கொட்டகை. மூங்கில் குழாயும் இல்லை. தண்ணீர் நின்றால் ஆபீசுக்குப் போன் பண்ணுகிறார்கள். நான் மலையைப் பார்க்கிறேன். அங்கிருந்து யாரும் இறங்கி வருவதில்லை.