கோயிலில் ஒரு கதவு அதிகம்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் மாதா கோயிலைப் புதிதாகப் பார்ப்பவர்கள், ரயிலடிக்கு வந்துவிட்டோமோ என்று கொஞ்சம் திகைப்பார்கள். கட்டியவர்கள் ரயில்வே பட்டறைத் தச்சர்கள். அவர்களுக்குக் கைவந்தது ஸ்டேஷன்தான். கூரை ஓரம் முழுக்க ஸ்டேஷனில் தொங்குவது போலவே பல்பல்லாய் வெட்டிய பலகை, சுற்றிலும் அகலமான வராந்தா, மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு.

இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. பிடிபடாதது பீடத்துக்கு இடப்பக்கமிருந்த கதவுதான். அது படிகூட இல்லாத வராந்தா மூலையில் திறந்தது. அதன் வழியாக யாரும் வந்ததுமில்லை, போனதுமில்லை. பிசாசை வெளியே துரத்துவதற்கு என்றார் சித்தப்பா. வரைபடத்தில் அப்படியொரு கதவே கிடையாது என்றார் உபதேசியார். தச்சர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அப்பாவைக் கேட்டால், காது கேளாதவர் போல உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

அம்மா கோயிலுக்குள் வரமாட்டாள். அவள் இந்து. வேதக்காரருக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்த தாத்தா, உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாதென்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்தக் கல்யாணம் முடிந்த மறு வருஷம்தான் கோயில் எழும்பியதாம். பூசை முடியும்வரை அம்மா வராந்தாவில் நிற்பாள். எனக்கு அது ஒரே கூச்சமாக இருக்கும்.

நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவிருந்த சமயம், சாரல் அடித்துப் பீடத்துணி நனைகிறதென்று வெள்ளைக்காரச் சாமியார் அந்தக் கதவைப் பலகை அடித்து மூடச் சொன்னார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத அப்பா, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார்.

“யாரும் வராத கதவு, மேஸ்திரி.”

“வராட்டியும் இருக்கட்டும் சாமி. சாரல் உள்ள வராம நான் கூரைய இறக்கிக் குடுத்துர்றேன்.”

சாமியார் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

புதுநன்மையன்று வெள்ளை கவுனும் முக்காடுமாக, கையில் மெழுகுவர்த்தியோடு பீடத்தின் முன் முழங்காலிட்டேன். இடப்பக்கம் திரும்பினால், அந்தக் கதவில் அம்மா. நிலைப்படிக்கு வெளியே கால், உள்ளே எட்டிப் பார்க்கும் முகம். வளையல் சத்தம் கேட்கும் தூரம். அழுதுகொண்டிருந்தாள். நல்ல நாளில் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அந்தக் கதவு வழியே குப்பென்று காற்றடித்து, என் மெழுகுவர்த்தி மட்டும் அணைந்துபோனது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அந்தக் கதவு எதற்குத்தான் என்று அப்பாவை விடாமல் கேட்டேன்.

“காத்துக்கு” என்றார், தட்டிலிருந்து நிமிராமல்.

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மெழுகுவர்த்தியையே அணைத்த காற்றல்லவா, நான் அப்படியே நம்பிவிட்டேன்.