ஆயுத பூசையன்று நான் அணைத்த ரவுட்டர்

அண்ணாச்சி அந்தப் பழைய கணினியின் பக்க மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு பல்லி குதித்து என் பாதத்தின் மேல் ஏறி ஓடியது. தென்காசியில், குற்றாலம் போகும் சாலையில் இருந்தது எங்கள் அலுவலகம். டாக்டர்கள் பேசி அனுப்பும் குரல் பதிவுகளை இணையத்தில் வாங்கி, கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவது வேலை. பன்னிரண்டு பெண்கள், நான் பொறுப்பாளர். அண்ணாச்சி ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எங்களிடம் கரண்டு, கம்ப்யூட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது இளையவர்தான். எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று நானும் அண்ணாச்சி என்றேன்.

"இதையா மாட்டப் போறிய?" என்று கேட்டேன். "ஆமா மேடம். பல்லிதான் போயிட்டுல்லா, இனி நல்லா ஓடும்" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவர் சிரிக்காமல் சொன்னதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வெளியிலிருந்து வரும் இணையத்தை எல்லாக் கணினிக்கும் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர், கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கியது, அந்தக் கோடை முழுவதும் நினைத்தபோதெல்லாம் நின்றது. விற்றவர்கள், அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பொறுமை போயிற்று. மூன்று மாதம் கெடு. வேலை நேரத்தில் இன்னொரு தடவை லைன் நின்றால் கிளையை மூடிச் சென்னையோடு சேர்த்துவிடுவோம், வருகிறவர்கள் வரலாம் என்று எழுதிவிட்டார்கள். என்னால் போக முடியாது. கணவருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி, மகள் பத்தாம் வகுப்பு. பதினோரு வருடம் வீட்டில் இருந்து, "இனிமே ஒன்னை யாரு வேலைக்குக் கூப்பிடப் போறா" என்ற பேச்சையும் கேட்ட பிறகு கிடைத்த வேலை அது.

அண்ணாச்சி அந்தக் கணினியில் கூடுதலாக நெட்வொர்க் கார்டுகள் செருகி, ஒரு மென்பொருளை ஏற்றி, அதையே ரவுட்டராக்கினார். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருளாம். சும்மா கிடைப்பதை நம்பி என் பிழைப்பை வைப்பதா என்று பொரிந்து தள்ளினேன். "கடையில வாங்குனது ஏன் நிக்குன்னு நமக்குத் தெரியல மேடம். பூட்டி வச்சிருக்கான். இது அப்படி இல்ல, ஒவ்வொண்ணையும் எழுதி வைக்கும். தப்புன்னா எங்கன தப்புன்னு பாத்துக்கிடலாம்" என்றார். அத்தோடு இரண்டாவதாக ஒரு லைனும் வாங்கிச் சேர்த்தார். ஒன்று விழுந்தால் மற்றது தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொண்டது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை எங்கள் வேலை ஒரு நிமிடம் நிற்கவில்லை. ஐந்தருவிப் பக்கம் மரம் விழுந்து சாலை மறித்த நாளிலும் நாங்கள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தோம். நான் அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. கெடு முடியட்டும் என்று இருந்தேன்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. கணினியை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பழைய ரவுட்டர் சுவரில் உயரத்தில் இருந்த சின்னப் பெட்டி, அதற்குப் பொட்டு வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. இது கணினி அல்லவா? நான்கு பேர் கடைசி அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு சும்மா இருந்த கணினிகளை வரிசையாக அணைத்துக்கொண்டே போய், மூலையில் ரவுட்டராக ஓடிக்கொண்டிருந்ததையும் மறதியாக அணைத்து, துடைத்து, பொட்டும் வைத்துவிட்டேன்.

"மேடம், லைன் போச்சு" என்றாள் ஒருத்தி. வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி கையில் சணலோடு ஓடி வந்தார். ஈரச் சந்தனத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். அது எழுந்து வர மூன்று நிமிடம் ஆயிற்று.

"வாழைக்கண்ணு கட்டுதப்போ வயர நான் தட்டிட்டேன்னு சென்னைக்கு எழுதிருதேன். நீங்க பேசாம இருங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பொய் சொல்லக்கூடாது என்றெல்லாம் எனக்கு உடனே தோன்றவில்லை. சரி என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரவுட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பை அவர் திரையில் காட்டினார், அதில் எல்லாம் இருந்தது. மூன்று மாதத்தில் எங்களுக்கே தெரியாமல் பத்தொன்பது தடவை ஒரு லைன் விழுந்து மற்றது தாங்கியிருந்தது. கடைசி வரியில், பொத்தான் அழுத்தப்பட்ட மணியும் நிமிடமும். இத்தனை நாள் எங்களைக் காப்பாற்றிய மனுசன் மேல் என் தவற்றைச் சுமத்த மனம் வரவில்லை. குறிப்பு முழுவதையும் இணைத்து, "ரவுட்டர் நிற்கவில்லை. பூசைக்காக நான் நிறுத்தினேன்" என்று சென்னைக்கு எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் சென்னை மேலாளர் ஃபோன் செய்தார். "சந்தனம் உள்ள போயிடலையே?" என்றார் முதலில். இல்லை, வெளியில்தான் வைத்தேன் என்றேன். "இங்க நாங்க காசு கொடுத்து வாங்கினதே காலையிலேருந்து ரெண்டு தடவை நின்னுடுச்சு. கிளை அங்கேயே இருக்கட்டும். உங்க அண்ணாச்சிய ஒரு நடை இங்க அனுப்புங்க, இதே மாதிரி போட்டுக் கொடுக்கட்டும்" என்றார். ஃபோனை வைத்துவிட்டு அண்ணாச்சியிடம், "நீங்க செஞ்சது நல்ல வேலை அண்ணாச்சி" என்றேன். முதல் தடவையாக.

அவர் போக மறுத்துவிட்டார். கீழப்பாவூரில் அவர் வயலில் நடவு இருந்தது. "நீங்களே போங்க மேடம், எழுதித் தாரேன்" என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். இப்போது அவர் அலுவலக வேலையை விட்டுவிட்டு முழு விவசாயி. வழியில் பார்த்தால், "பெட்டி எப்படி ஓடுது?" என்றுதான் கேட்பார், என்னை விசாரிப்பதில்லை.

எந்தச் சென்னைக்குப் போகக்கூடாது என்று மூன்று மாதம் சாமியை நச்சரித்தேனோ, அங்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்து, ஆறு பக்கத்தையும் பார்த்துப் பார்த்து மாட்டி ஓடவிட்டேன். மேலாளருக்கு ஒரே ஆச்சரியம். "நீங்க பேசாம இங்கேயே வந்துடலாமே" என்றார். சாயங்காலம் ஊருக்கு ரயில் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.