நாலு வாரத்துச் சாப்பாடு

சுகாதார அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே போன் அக்காதான். பரிசோதனையில் யாருக்காவது சாப்பாட்டில் பரவும் கிருமி இருப்பது தெரிந்தால், அவரை போனில் பிடித்து, எதைச் சாப்பிட்டார், எங்கே வாங்கினார் என்று ஒன்றுவிடாமல் கேட்பது அவள் வேலை. நேற்றுச் சாப்பிட்டதே நமக்கெல்லாம் ஞாபகமில்லை. அவளோ நாலு வாரத்துச் சாப்பாட்டைக் கேட்பாள். சிலர் எரிந்து விழுவார்கள்.

"கோவப்படாதீங்க. நீங்க ஒருத்தர் தெரிஞ்சீங்கன்னா, டாக்டர்கிட்டயே போகாதவங்க இன்னும் எத்தனையோ பேரு இருப்பாங்கன்னு நாங்க கணக்குப் போடுறோம். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கும் விடிவு" என்று நைச்சியமாகப் பேசிக் கறந்துவிடுவாள்.

அன்று மேசைக்கு வந்த கேஸ் அவளுடைய தங்கை. எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து, போன வாரம்தான் எடுத்தார்கள். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. பாழாய்ப்போன கிருமி பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

"சொந்தக்காரங்க கேஸ் உனக்கு வேண்டாம்மா" என்றார் அதிகாரி.

"வேற யார் கேட்டாலும் அவ வாயத் திறக்க மாட்டா சார்" என்று மல்லுக்கு நின்று வாங்கினாள்.

தங்கை போனில் தன் வீடு, மாமியார் வீடு, ஆஸ்பத்திரி கேன்டீன் என்று சாப்பிட்ட இடமெல்லாம் சொன்னாள். அக்கா வீட்டில் தங்கியிருந்த வாரத்தை மட்டும் தாண்டிப் போனாள்.

"எங்க வீட்டுல சாப்பிட்டதைச் சொல்லலையேடி."

"அங்க ஒண்ணும் சாப்பிடலக்கா."

"முலாம்பழம்?"

"அத விடுக்கா" என்றாள் தங்கை.

வெளிச்சாப்பாடு ஆகாது, காய்ச்சாத பால் ஆகாது என்று தங்கையைப் படாத பாடு படுத்தியவள் அக்காதான். கடையில் வெட்டி டப்பாவில் வைத்த பழத்தை வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் ஊட்டியவளும் அவளேதான். வெட்டி வைத்த பழத்தில், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி அது. ஊரையே குடைந்து குடைந்து கேட்பவளுக்கு, இதை என்றைக்கு வெட்டினீர்கள் என்று அந்தக் கடையில் கேட்கத் தோன்றவில்லையே!

"சாப்பிடலன்னே எழுதிக்கோக்கா. நீ தாங்க மாட்ட. எம் பிள்ள திரும்பியா வரப்போகுது?"

நோயாளி வாயால் சொல்லாததை எழுதக்கூடாது என்பது அந்த வேலையின் விதி. தங்கை சொல்லாவிட்டால் விஷயம் அங்கேயே அமுங்கிவிடும். ஆனால் அந்தக் கடை வாசலில் இப்போதும் யாராவது ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி நின்றுகொண்டிருக்கலாம்.

"இன்னொரு பிள்ள போகவேண்டாம்டி. சொல்லு. யார் குடுத்தா?"

"நீதான்க்கா... நீதான் ஊட்டிவிட்ட" என்று தங்கை வெடித்து அழுதாள்.

அக்கா அதை அப்படியே தட்டச்சு செய்தாள்.