நூறு ரூபாய் மேசை

கோவாவில், மட்காவ் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அஞ்செலுதான் எனக்கும் பெனிட்டோவுக்கும் ஆன்லைன் போக்கர் கற்றுக்கொடுத்தவர்; பெரியவர் என்பதால் அவரை ‘பாப்’ என்றுதான் கூப்பிடுவோம். மாதம் ஐந்நூறு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பந்தய மேசை, அதற்கு மேல் ஏறக்கூடாது என்பது அவர் போட்ட விதி. ஞாயிறு பூசை முடிந்ததும் தோற்ற ஆட்டங்களைப் போனில் காட்டிப் பேசுவோம்.

சென்ற ஞாயிறு அவர் தன் ஆட்டத்தைக் காட்டினார். “நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க.”

பெனிட்டோ திரையை உற்றுப் பார்த்தான். “பாப், மேல நூறு ரூபா மேசைன்னு இருக்கே! அஞ்சு ரூபா மேசைக்குப் போனேன்னு என்னை ஒரு வாரம் திட்டினீங்களே?”

அஞ்செலுவுக்குக் காது சிவந்தது. மேல்வரியை மறைக்க மறந்திருந்தார்.

“எவ்வளவு போச்சு?” என்றேன்.

“மக ஸ்கூட்டருக்கு வச்சது.”

பிறகு போனைப் பெனிட்டோவிடம் நீட்டினார். “ஆப்ல என் மாச வரம்பை நீயே போடு.”

“ஐந்நூறா, பாப்?”

அவர் தலை நிமிரவில்லை. “முந்நூறு போடு.”