மூன்று அரவை கழித்து வாருங்கள்

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பார்த்து அனுப்பியவரைச் சரியான வருஷத்தில் மறுபடி வரவழைப்பதுதான் எங்கள் தொழிலில் உயிரை வாங்கும் வேலை. யாரிடமாவது ‘மறுபடி வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் என் கட்சி. நான் தஞ்சாவூரிலிருந்து ஃபிஜி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்குப் போன டாக்டர்.

கூடிக் குடித்த மருந்து

பா என்ற ஊருக்குப் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தவர் சுப்பையா கவுண்டர். முகாமில் செய்த மலச் சோதனையில் அவருக்கு ரத்தம் தெரிந்தது. குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்து, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் கொடுத்து, அது முழுவதையும் முந்தின நாளே கரைத்துக் குடிக்கச் சொன்னேன்.

குறித்த நாளில் உள்ளே பார்த்தால் ஒரே அழுக்கு, ஒன்றுமே தெரியவில்லை. விசாரித்தேன். யங்கோனா என்ற வேர்ச்சாறு குடிக்க வழக்கம்போல வந்த அக்கம்பக்கத்தாருக்கு மனிதர் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி மருந்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மருந்து என்று சொல்லியும் அவர்கள் விடவில்லையாம். அன்று காலை அவர்களில் ஒருவரும் கரும்பு வெட்டப் போகவில்லை. நான் கத்தினேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை.

“நாலு பேரு எதுருல குந்தினு இருக்கசொல்லோ நான் மட்டும் தனியா குடிச்சா நல்லாவா இருக்கும், டாக்டர் சாப்?”

நான் செய்த தப்பு

இரண்டாம் தடவை ஒழுங்காகத் தனியாகக் குடித்துவிட்டு வந்தார். உள்ளே இரண்டு சதை முளைகள். எடுத்துவிட்டேன். ஒன்று, விட்டுவைத்தால் பின்னால் புற்றாக மாறக்கூடிய ரகம். அதனால் மூன்று வருஷத்தில் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் விரலை மடக்கி யோசித்துவிட்டுச் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. வருஷத்துக்கு ஒரு அரவைதானே. தேதி போட வேண்டிய அட்டையில் ‘மூன்று அரவை கழித்து’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

“வருசமெல்லாம் எனக்கு மறந்துபூடும். மில்லு மூணு தபா கரும்பு அரைக்கட்டும், வந்துர்றேன்.”

சீக்கிரம் வந்தவர்

அடுத்த வருஷம் ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பயந்துபோன நம்மவர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் நோயைவிட விசாப் பேச்சுதான் அதிகம். ரக்கிரக்கியிலிருந்து சரோஜா என்ற டீச்சர் வந்தார். அவர் குடலில் ஒரு குறையும் இல்லை என்று போன வருஷம்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் பிரிஸ்பேனுக்குக் குடிபோக விமானம் ஏறுமுன் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.

அவசியமில்லாமல் குழாய் விட்டால் ஆபத்தும் உண்டு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் போதும் என்று எடுத்துச் சொல்லி, பிரிஸ்பேன் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் கதவருகே போய்த் திரும்பினார்.

“பத்து வருசம் ஒரே ஊர்ல இருக்கலாம்னு இதுலயே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

வராதவர்

மூன்று வருஷம் முடிந்தது. கவுண்டர் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. கடிதம் திரும்பி வந்தது. அவர் மகன் ஆக்லாந்துக்குப் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது. அப்பாவும் போயிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டாலும், புற்றாகக்கூடிய அந்த முளை என் மனசை விட்டுப் போகவில்லை. அவர் இங்கேயே இருந்து, உள்ளே ஏதாவது வளர்ந்துகொண்டிருந்தால்? பயமாகத்தான் இருந்தது.

அவர் பேரை, மறுபடி வர வேண்டியவர்கள் நோட்டிலிருந்து அடித்துவிடலாம் என்றேன். எங்கள் நர்ஸ் மெரே ஃபிஜியின் பூர்வகுடிப் பெண். பேனாவைத் தர மறுத்துவிட்டாள்.

“போனவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் போனார்கள், டாக்டர். இவர் சொல்லவில்லை. அதனால் இங்கேதான் இருக்கிறார்.”

வந்தவர்

நாலாவது வருஷம், அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கவுண்டர் சிரித்தபடி நுழைந்தார். ஒரு வருஷம் தாமதம் என்று நான் குதிக்க, அவர் அட்டையைக் காட்டினார். ஆட்சி கவிழ்ந்த வருஷம் வெட்ட ஆள் கிடைக்காமல் அவர் கரும்பு வயலிலேயே நின்றுவிட்டது. தன் கரும்பு அரைபடாத வருஷத்தை அவர் எப்படிக் கணக்கில் சேர்ப்பார்? அட்டையில் எழுதியவன் நான்.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தேன். இருந்தது ஒரே ஒரு முளை, கொத்தமல்லி விதை அளவு. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தபோது மெரேயும் நானும் கேக் வாங்கிச் சாப்பிட்டோம். மகன் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டும் கவுண்டர் போவதாக இல்லை. இந்த முறை அட்டையில் மூன்று வருஷம் தள்ளித் தேதி, மாசம், வருஷம் எல்லாம் எழுதினேன். வாங்கிப் பார்த்தவர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

“நான் வருவேன். அன்னிக்கு நீ இருப்பியா, டாக்டர் சாப்?”

முடியப்போகிற என் வேலை ஒப்பந்தத்தை மறுநாளே போய் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி வாருங்கள் என்று சொல்கிறவன் தானும் அங்கே இருந்தாக வேண்டும் என்பதை எனக்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.