பத்தொன்பதாம் நம்பர்

ஊருக்கு உபதேசம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள் நான். போனில் தலை கவிழ்ந்து கிடப்பவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. அக்குறணை பஸ்ஸில் முன்பின் தெரியாத பிள்ளைகளைக்கூட ஏசியிருக்கிறேன்.

அன்று கண்டியில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வருகிறவர். என்னைப் பார்த்து முடித்துவிட்டார், ஆனால் வெளியே மழை. அங்கே இலவச வைஃபை இருந்தது. அதுவும் தூணோரத்து நீள வாங்கில் உட்கார்ந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். எட்டுப் பேர் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பேச்சுத்துணை கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் தடவித் தடவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கண்ணுல மருந்து விட்டுட்டாங்க. போர்டுல நம்பர் தெரியல. பத்தொன்பது வந்தா கொஞ்சம் சொல்றீங்களா?"

"சொல்றேன் அண்ணன், பயப்படாதீங்க."

அப்போது போர்டில் பதினான்கு. டோஹாவிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். தன் மகளின் கல்யாணத்துக்கு எடுத்த சாரிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். பச்சையா மெரூனா என்று சிரித்துச் சிரித்துச் சண்டை பிடித்தோம். நான் நிமிர்ந்தபோது போர்டு அணைந்திருந்தது. டாக்டர் போய்விட்டார்.

நர்ஸ் அவருக்கு அடுத்த மாதத்துக்குத் திகதி எழுதிக் கொடுத்தாள். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டதாம்; மற்றதையாவது காப்பாற்றத்தான் வந்தாராம். அவர் நர்ஸிடம் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

"ஏன் அண்ணன், என்னைத் தட்டிக் கேட்டிருக்கலாமே?" என்றேன். குற்றத்தை அவர் தலையிலேயே கட்டப் பார்த்தேன், பாருங்கள்.

"நீங்க சந்தோசமா பேசிக்கிட்டு இருந்தீங்க. குறுக்க பேச மனசு வரல."

ஹந்தானை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"வேணாங்க, உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் மரியாதையாக. பிறகு மறுபக்கம் இருந்தவரிடம் திரும்பினார். "தொரை, கீழ ரோட்டு வரைக்கும் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

அந்த ஆள் காதில் இயர்போன் செருகியிருந்தது இவருக்குத் தெரியவில்லை. பதிலுக்காகக் கையை நீட்டியபடி காத்திருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.